வெளியூரில் தோற்ற கதை

(திருக்கடையூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில், மதிய உணவுக்கு முன் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



என்னைப் பேசச் சொன்ன செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணே, பத்து நிமிஷம்தான். பின்னாடி சாப்பாடு இருக்கு" என்றார். எனக்குப் பேச்சு கொடுத்தது பெரிதல்ல. இலைக்கும் ஜனங்களுக்கும் நடுவே நிறுத்தினார் பாருங்கள், அதுதான் பெரிய சோதனை. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசுவேன். ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தீர்மானம் வரப்போகிறது. அதற்கு முன் ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும்.

நாம் கூடியிருக்கும் ஊரைப் பாருங்கள். இது எமன் தோற்ற ஊர். அட்ட வீரட்டத் தலங்கள் எட்டில் ஒன்று. மார்க்கண்டேயனுக்கு வயது பதினாறு முடிந்தது. எமன் வந்து பாசக்கயிற்றை வீசினான். பிள்ளை லிங்கத்தைக் கட்டிக்கொண்டது. கயிறு லிங்கத்தின் மேலும் விழுந்தது. சுவாமி வெளிப்பட்டு இடது காலால் ஒரு உதை விட்டார். கால்பந்து ஆடியவன் கண்ணோடு பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, சுவாமி இடது கால்காரர். இரண்டு, வெளியூர் ஆட்டத்துக்குப் போய்த் தோற்றவர்களின் பட்டியலில் முதல் பெயர் எமதர்மராஜனுடையது. அபசாரமாகச் சொல்லவில்லை, அம்பாள் மன்னிப்பாள்.

எமன் தோற்ற ஊர் என்பதால்தான் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் ஜனங்கள் இங்கே வந்து சாந்தி செய்துகொள்கிறார்கள். இன்று காலைகூட நம் செட்டில் மூன்று பேர் தலையில் கலசத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியது போதாதென்று, மறுபடியும் தாலி கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் அந்தப் புராணத்தில் ஜனங்கள் அதிகம் பேசாத பின்பாதி ஒன்று உண்டு. எமன் விழுந்துவிட்டான், சாவே இல்லாமல் பூமியில் பாரம் ஏறிப்போனது, பூமாதேவி வந்து முறையிட்டாள். சுவாமி எமனை எழுப்பிவிட்டார். எமன் மறுபடியும் தன் வேலைக்குப் போனான். தோற்றவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. எழுந்திருக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். ஆனால் ஒருவர் எழுப்பிவிட வேண்டும். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த எழுப்பிவிடுகிற ஆளைப் பற்றி.

1983-ஆம் வருஷம். எங்கள் செட் மூன்றாம் ஆண்டு. அந்த வருஷம் ஜூன் 25-இல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அதன் பிறகு நம் ஊர்ப் பக்கம் தென்னை மட்டையெல்லாம் பேட் ஆகிவிட்டது. ஹாஸ்டல் வராந்தாவில் டிரான்சிஸ்டரைச் சுற்றித்தான் கூட்டம். கார்த்திகை மாதத்தில் வெஸ்ட் இண்டீஸ் டீம் வேறு இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நம் காலேஜ் கால்பந்து அணி, யாரும் எதிர்பார்க்காமல், ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து இன்டர் காலேஜ் செமி ஃபைனலுக்குப் போனது. பாதிப் பேருக்கு நம் காலேஜில் கால்பந்து அணி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டம் வெளியூரில். தஞ்சாவூரையும் தாண்டி, வல்லம் மேடு ஏறி இறங்கி, அந்தப் பக்கத்துச் செம்மண் பூமி. எந்தக் காலேஜ் என்று சொல்லப்போவதில்லை. அங்கே படித்த மருமகன்கள் இந்தப் பந்தலில் இருக்கக்கூடும்.

அணியில் பதினைந்து பேர். ஆதரிக்கப் போனவர்கள் நாங்கள் பதினான்கு பேர். ராத்திரி இரண்டரை மணிக்கு ரோட்டில் நின்றோம். மாயவரத்தில் ஒரு பஸ், கும்பகோணத்தில் ஒரு பஸ், தஞ்சாவூரில் ஒரு பஸ். சோழன் போக்குவரத்துக் கழகத்து வண்டிகளில் அன்று எல்லாம் முகூர்த்தக் கூட்டம். அணியில் பாதிப் பேர் கும்பகோணம் வரை நின்றுகொண்டே வந்தார்கள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பன், ஒரு டீ. ஒன்பதரை மணிக்கு ஆட்டம். நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தது ஒன்பது பத்துக்கு. எதிரணி அதற்குள் ஓடிக் குதித்து வியர்த்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்தை நான் நீட்டப்போவதில்லை. முதல் பாதியில் நாங்கள்தான் அவர்களைத் துரத்தினோம். எங்கள் லெஃப்ட் அவுட் அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் கால்கள் கனத்துப் போயின. தூரத்தில் இருந்து பார்த்த எங்களுக்கே தெரிந்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டை அவர்கள் கட்டத்துக்குள் தள்ளினார்கள். நடுவர் கையை ஆட்டி 'ஆடுங்கள்' என்றுவிட்டார். முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது, அவர்கள் பக்கமிருந்து ஒருவன் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தான். பெரிய அடி இல்லை. தரையில் ஒரு குத்துக் குத்தி எழும்பியது. எங்கள் கோல்கீப்பர் குனிந்தார். பந்து அவர் கைக்கு மேலாக, தோளைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒன்றுக்குச் சைபர். முடிந்தது.

திரும்பி வருகிறபோது கும்பகோணத்தில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கடற்கரைப் பக்கம் காலிப் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன் லாரியைக் கைகாட்டி நிறுத்தினோம். டிரைவர் நல்ல மனுஷன். "என்ன தம்பிங்களா, ஜெயிச்சீங்களா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "சரி ஏறுங்க. தோத்தவனுக்கும் வீடு இருக்குல்ல" என்றார். இருபத்தொன்பது பேர், மீன் பெட்டிகளின் நடுவே. மூன்று நாள் குளித்தும் அந்த வாசனை போகவில்லை. தோல்வியும் அப்படித்தான்.

அந்த லாரியில்தான் எங்கள் ஆராய்ச்சி நடந்தது. தோற்றதற்கு மூன்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு கட்சி, நடுவர் என்றது. இன்னொரு கட்சி, மைதானம் என்றது. மூன்றாவது கட்சி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் லாரியின் மூலையில் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக எங்கள் செட் எங்கே கூடினாலும் இந்த மூன்று கட்சியும் கூடிவிடும். இன்றைக்கு இந்த மேடையில் மூன்றையும் விசாரித்து ஒரு தீர்ப்புச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

முதலில் நடுவர். சொந்த ஊர்க் கூட்டம் இருந்தால் நடுவர் மனம் சாயுமா? சாயும் என்றுதான் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அல்ல, தன்னை அறியாமலே. இதற்கு 2020-ஆம் வருஷம் ஒரு பரீட்சையே நடந்தது. கொரோனா நோயால் ஜெர்மனியில் மே மாதத்தில் இருந்து ஆளே இல்லாத மைதானத்தில் கால்பந்து லீக் ஆட்டங்களை நடத்தினார்கள். பிறகு மற்ற நாடுகளிலும் அப்படியே. கணக்குப் பார்த்தவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். கூட்டம் இல்லாதபோது சொந்த மைதானத்தில் ஜெயிப்பது குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது. அதாவது, கூட்டத்தின் சத்தம் நடுவரின் காது வழியாகப் போய் விசிலில் வெளியே வருகிறது.

இதில் நடுவரைத் திட்ட ஒன்றுமில்லை. நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே அவர்கள் காலேஜே திரண்டு நின்றது. எங்கள் பக்கம் பதினான்கு தொண்டை. அதிலும் இரண்டு தொண்டை பஸ் ஜன்னல் காற்றில் கட்டிப் போயிருந்தது. ஒரு பஸ் நிறைய ஆள் போயிருந்தால் அந்தப் பெனால்டி கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நடுவர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

இரண்டாவது மைதானம். இது நம் தஞ்சை ஜில்லாக்காரனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் மண் நம் மண். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்டாலும் மைதானம் பத்து நாள் சதசதவென்று இருக்கும். பந்து விழுந்தால் எழும்பாது, பொத்தென்று உட்கார்ந்துகொள்ளும். நம் பையன்கள் அந்த மண்ணில் பிறந்து அந்த மண்ணில் ஆடியவர்கள். பந்து எங்கே விழுமோ அங்கேயே இருக்கும் என்று அவர்கள் காலுக்குப் பழக்கம். வல்லத்துக்கு மேற்கே செம்மண், சரளை. மழை பெய்து அரை நாளில் தண்ணீர் வடிந்து கெட்டியாகிவிடும். அங்கே பந்து விழுந்தால் ஆள் உயரம் எழும்புகிறது. நெல்லுக்கு ஒரு மண், கடலைக்கு ஒரு மண் என்பது விவசாயிக்குத் தெரியும். கால்பந்துக்கும் அப்படித்தான்.

ஆனால் மண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? மண் அங்கேயேதான் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் போய் ஒரு மணி நேரம் அந்த மைதானத்தில் பந்தைத் தட்டிப் பார்த்திருந்தால், அது எப்படி எழும்புகிறது என்று கைக்கும் காலுக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் ஜெர்சி மாற்றப் போனது.

மூன்றாவது, கோல்கீப்பர். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிரேசில் நாட்டில் பார்போசா என்று ஒரு கோல்கீப்பர். 1950-ஆம் வருஷம் ஜூலை 16, ரியோ நகரத்து மரக்கானா மைதானம். உலகக் கோப்பையின் முடிவான ஆட்டம். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. எதிரே உருகுவே என்ற சின்ன நாடு. பிரேசில்தான் முதல் கோல் போட்டது. உருகுவே ஒன்றைத் திருப்பியது. பிறகு கம்பத்தை ஒட்டி இன்னொன்று. 2-1. அந்த இரண்டு லட்சம் பேர் நடுவில் வந்து ஜெயித்த உருகுவேயை உலகம் புகழ்ந்தது. ஆனால் பிரேசிலில், பதினோரு பேர் ஆடிய ஆட்டத்தின் தோல்வியை ஒரே ஆளின் தலையில் ஏற்றினார்கள். பார்போசா 2000-ஆம் வருஷம் இறந்தார். ஐம்பது வருஷம் அந்த ஒரு கோலைச் சுமந்துகொண்டே தெருவில் நடந்தார். அந்த நாட்டுச் சட்டத்தில் கொலைக்குற்றத்துக்குக்கூட அவ்வளவு நீண்ட தண்டனை இல்லை.

நம் கோல்கீப்பர் இந்தப் பந்தலில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இன்று காலை கலசாபிஷேகம் செய்துகொண்ட மூன்று பேரில் ஒருவர். பட்டு வேட்டியோடு உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நேற்று ராத்திரியே அனுமதி வாங்கிவிட்டேன். "அந்த மேட்சைப் பத்திப் பேசப்போறேன்டா" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "பேசு. ஆனா கல்லு, மண்ணுன்னு சாக்குச் சொல்லி என்னைக் காப்பாத்தாதே. கை தப்பு என்னோடதுதான். நான் ஒத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு. நீங்கதான் இன்னும் ஒத்துக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதானே! அவர் அடுத்த நாள் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டார். கை விட்ட பந்தை மறுபடி மறுபடி உதைக்கச் சொல்லி, பிடித்துப் பழகினார். அடுத்த வருஷமும் அவர்தான் கோல்கீப்பர். பிறகு வேலைக்குப் போய், கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பந்து சொல்லிக்கொடுத்தார். அவர் தோல்வியை அன்றே இறக்கி வைத்துவிட்டார். யார் காரணம், யார் காரணம் என்று நாற்பது வருஷம் சுமந்தது பார்த்துக்கொண்டிருந்த கூட்டம்தான்.

அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். அதுதான் என் தீர்ப்பு. "டேய், அந்தப் பந்து வர்றது எனக்குத் தெரிஞ்சுது. எழும்பும்னும் தெரிஞ்சுது. உடம்புதான் எழும்பல. முத நாள் ராத்திரி தூங்கி, காலையில நாலு இட்லி சாப்பிட்டிருந்தா புடிச்சிருப்பேன்."

நண்பர்களே, லாரியில் மூன்று கட்சி இருந்தது. இந்த நாலாவது கட்சியை ஒருவரும் பேசவில்லை. ஆட்டம் தோற்றது ஒன்பதரை மணிக்கு மேல் அல்ல. முந்தின ராத்திரி இரண்டரை மணிக்கு. கும்பகோணம் வரை நின்ற கால்களில். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டின் இரண்டு பன்னில்.

இது நம் ஊர்ச் சின்ன அணிக்கு மட்டும் உள்ள கதை அல்ல. நம் தேசத்தின் கதையும் இதுதான். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டும் வீணாகி, 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. 1952-இல் ஹெல்சிங்கி. குளிர். மறுபடியும் பலர் வெறுங்கால். யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று! பத்து கோல் வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று முடிவெடுத்தார்கள். நான்கே வருஷம், 1956 மெல்போர்னில் நெவில் டிசோசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்து, ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்தோம். ஆட்களின் திறமை நான்கு வருஷத்தில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தோல்வியை யாரோ உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தார்கள். காலுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார்கள்.

1960, ரோம் ஒலிம்பிக். பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்று, பிரான்சோடு 1-1 என்று நின்று, கடைசியில் பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல், ஆட்டம் முடிகிற தறுவாயில் நம் தமிழர் சைமன் சுந்தரராஜ் போட்டது. அதன் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலும் கடைசி ஒலிம்பிக் கோலும் தமிழ் காதுக்குப் பழகிய பெயர்களில் இருக்கின்றன. இரண்டுமே தோற்ற ஆட்டத்தில். இரண்டுமே கடல் கடந்த வெளியூரில். தோற்ற ஆட்டத்தில் போட்ட கோலை யார் ஞாபகம் வைப்பார்கள் என்று கேட்டால், இதைச் சொல்லுங்கள். சைமன் சுந்தரராஜ் அதோடு வீட்டில் உட்காரவும் இல்லை. 1973-இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை ஜெயித்தபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

ரோமில் தோற்ற ரகீம் என்ன செய்தார்? 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணியை அழைத்துப் போனார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் மறுபடி சந்தித்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், அரசியல் கோபத்தில் முழுக் கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. கோலில் நம் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். எதிர்க்கூட்டத்தின் நடுவில், முன்பு தோற்ற அணியிடமே!

கிட்டத்து உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 2012-இல் ஒடிசாவில் கட்டக் நகரத்தில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு, சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. ஆறே வருஷம் கழித்து, 2018-இல், அதே கட்டக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து தேசியப் பட்டம் வாங்கினார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் ஜெயித்து மறுபடியும் வாங்கினார்கள். கட்டக் எங்கே, அமிர்தசரஸ் எங்கே! எல்லாம் வெளியூர்தான்.

இனி, சாப்பாட்டுக்குப் பிறகு வரப்போகிற தீர்மானத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் நம் காலேஜ் பெண்கள் அணி ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். எங்கள் காலத்தில் பெண்கள் அணி கிடையாது. இந்தப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால் நம் காலத்து ஃபார்வர்டுகள் வெட்கப்பட வேண்டும். அவர்களும் வெளியூரில்தான் ஆடினார்கள். தோற்றார்கள். மூன்றுக்குச் சைபர். ஆட்டம் முடிந்து, சின்னப் பெண் ஒருத்தி, புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எத்தனை மணிக்கும்மா கிளம்பினீங்க?" என்று கேட்டேன். "விடியக்காலம் மூணு மணிக்கு, தாத்தா" என்றாள். "சாப்பிட்டீங்களா?" "வேன்ல பன்னு குடுத்தாங்க தாத்தா."

நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. மாயவரம் என்று நாங்கள் சொன்ன மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. சோழன் பஸ் பேர் மாறிவிட்டது. அரை மணி நேரம் குறைந்து, இரண்டரை மணி மூணு மணி ஆகியிருக்கிறது. பன் மட்டும் மாறவில்லை. இன்னொன்றும் மாறியிருந்தது. எங்களுக்குப் பதினான்கு பேர் கத்த இருந்தோம். அந்தப் பெண்களுக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்ட, ஒரு பேராசிரியையும் நானும்தான். தாத்தா என்று அவள் கூப்பிட்டதுகூட எனக்கு வருத்தமில்லை. அந்த வருத்தம்தான் இன்னும் போகவில்லை.

நம் சங்கத்தில் இந்த வருஷம் சேர்ந்த பணத்தில் காலேஜ் வாசலில் ஓர் அலங்கார வளைவு கட்டுவது என்று ஒரு யோசனை இருக்கிறது. நல்ல யோசனைதான். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள், என் பெயரும் அதில் வரும், எனக்கும் ஆசைதான். ஆனால் நான் ஒரு மாற்று யோசனையை உங்கள் முன் வைக்கிறேன். அந்தப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போடுவோம். வரும் வட்டியில் மூன்றே காரியம்.

ஒன்று: நம் அணி, ஆணோ பெண்ணோ, தூரத்து ஆட்டம் என்றால் முந்தின நாளே போய், படுக்க இடமும், ராத்திரி ஒரு வேளை நல்ல சாப்பாடும், காலையில் நாலு இட்லியும். போகிற ஊரில் எல்லாம் நம் பழைய மாணவர் ஒருவராவது இருக்கிறார். அறை வாடகையே வேண்டியிருக்காது; மாடியில் பாய் விரித்தால் போதும்.

இரண்டு: அந்த ஊர் மண்ணுக்கு ஏற்ற பூட்ஸ். நம் சேற்றுக்கு ஒரு ஜோடி, செம்மண்ணுக்கு ஒரு ஜோடி. கால்பந்து தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று: செமி ஃபைனல், ஃபைனல் என்று வந்தால் ஒரு பஸ். ஆட்டக்காரர்களுக்கு அல்ல, கத்துவதற்கு. மாணவர்கள் ஏறட்டும், இடம் இருந்தால் நாமும் ஏறுவோம். முழங்கால் வலிக்கலாம், தொண்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் செய்தால் ஜெயித்துவிடுவார்களா என்று கேட்பீர்கள். தெரியாது. எதிரணியிலும் நாலு இட்லி சாப்பிட்ட பிள்ளைகள்தானே ஆடுவார்கள். தோற்கலாம். ஆனால் தோற்றால் எதிரணி நன்றாக ஆடியதால் தோற்கட்டும். பசியாலும் தூக்கத்தாலும் ஆள் இல்லாததாலும் தோற்க வேண்டாம். ஒரு பிள்ளை தன் திறமையின் எல்லையில் நின்று தோற்றால் அது அவளுக்குப் பாடம். பஸ்ஸில் நின்று களைத்துத் தோற்றால், அது நம் கணக்கில் எழுத வேண்டிய கடன்.

தோற்றுத் திரும்பும்போது வண்டியில் யாராவது கூட வந்தால், அந்த ஆளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். லாரியில் நடந்த ஆராய்ச்சி வேண்டாம். யார் காரணம் என்று அந்த ராத்திரியிலேயே கேட்க வேண்டாம். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். அது போதும். காரணத்தை அவர்களே மறுநாள் காலையில் மைதானத்தில் கண்டுபிடித்துக்கொள்வார்கள். நம் கோல்கீப்பர் கண்டுபிடித்த மாதிரி.

கோல்கீப்பர் அவர்களே, நீங்கள் முறைப்பதை நிறுத்திவிட்டீர்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நம் மாற்று யோசனையை முன்மொழிய உங்களைத்தான் அழைக்கலாம் என்று இருக்கிறேன். வழிமொழிய நான் இருக்கிறேன். வளைவு வேண்டும் என்பவர்கள் தாராளமாக எதிர்த்துப் பேசலாம். நாங்கள் தோற்றால் கோபித்துக்கொண்டு போகமாட்டோம். இது சொந்த மைதானம். தோற்றாலும் சாப்பாடு உண்டு.

இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கதிர் முற்றிய பயிரை ரொம்ப நேரம் தண்ணீரில் நிறுத்தக்கூடாது, பசித்த ஜனங்களை ரொம்ப நேரம் பேச்சில் நிறுத்தக்கூடாது.